கோடு வரைக்கும்

ஜூன் 2

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். சித்தப்பா வீட்டில் அத்தனை பேர் முன்னால் என்னை 'விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போறவ, வாய் மட்டும் தினசரி' என்றாயே, அந்த வாய் இனி உன்னோடு பேசாது. நான் முதலில் சொன்னதும் கொஞ்சம் அதிகம்தான். 'ரொட்டி கருகினா ஒரு தெரு தள்ளி நின்னு மோப்பம் பிடிப்பான், கூடவே இருக்கிற அப்பாவோட கால் விரல் கருகுறது மட்டும் தெரியல' என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தில் சிரிப்பு வாங்குகிற வியாதி உண்டு, உனக்குத் தெரியும். ஆனால் சொன்னது பொய்யில்லை.

பேசினால் நமக்குச் சத்தம் வரும். அப்பாவுக்கு இப்போது சத்தம் ஆகாது. ஆகவே இனி எழுத்துதான். நீ விடியுமுன் ரொட்டிக் கடைக்குப் போய்விடுகிறாய். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் காலையில் வந்து போகிறேன். மாலை உன் முறை. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமலே ஒரு மனிதரைப் பிழைக்க வைக்க இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. கடிதத்தை அப்பாவின் தலையணைக்கு அடியில் வைக்கிறேன். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது, கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று அர்த்தமாம், போட மாட்டார். எனவே தபால் பத்திரம்.

இனி வேலை. டாக்டர் கொடுத்த மருந்து ஐந்து சதவீதம். அதை அப்படியே ஊற்றினால் புண்ணோடு சேர்த்துக் காலும் வெந்துவிடும். அரை சதவீதமாக நீர்க்க வைக்க வேண்டும். நூறு மில்லி மருந்து, அதோடு கொதித்து ஆறிய தண்ணீர் தொள்ளாயிரம், ஆக ஒரு லிட்டர். ஐந்தை நூறால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துப் பார், அரை வரும். முப்பது வருடமாக இதைத்தான் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு உதவியது டீச்சர் என்று ஒரு பிள்ளையும் திரும்பி வந்து சொன்னதில்லை. கடைசியில் எனக்கே உதவுகிறது.

கலக்குவது நான். நீ செய்ய வேண்டியது, ஒரு தடவைக்கு ஒரு டம்ளர், அதாவது இருநூறு மில்லி, ஊற்றிக் கழுவுவது. யோசிக்க வேண்டியதில்லை. அது உனக்குச் சிரமமாகவும் இருக்காது.

அக்கா

—

ஜூன் 3

மரியாதைக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தலையணை வழியாக வந்ததால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாடை. தங்கள் எழுத்தில் இருந்த வாடை வேறு, அது கழுவினாலும் போகவில்லை.

உத்தரவுப்படி மாலையில் கழுவினேன். கட்டுத்துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நனைத்து நனைத்துத்தான் எடுக்க முடிந்தது, அதற்கே ஒரு டம்ளர் போய்விட்டது. பிறகு கழுவ ஒன்று. அப்பா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா கையில் ஊசியோடு ஓடி வந்தார். "டேய், கால கழுவுறியா, கறி வறுக்கிறியா?" என்று கேட்டார் அப்பா. "அக்கா கலக்குன மருந்துப்பா" என்றேன். "அதான பாத்தேன், அவ எதைக் கலக்கினாலும் எரியும்" என்றார். இதை நான் சேர்த்துச் சொல்லவில்லை, சாட்சிக்குத் தையல்காரம்மா இருக்கிறார்.

பணிவுடன்,
யோசிக்கத் தெரியாத ரொட்டிக்காரன்

—

ஜூன் 5

தம்பிக்கு,

இன்று காலை பாட்டிலைத் தூக்கினேன், காற்றாக வந்தது. ஒரு லிட்டர் இரண்டே நாளில் காலி. அப்பா காலைக் கழுவினாயா, அல்லது வீட்டையே கழுவிவிட்டாயா? அந்த மருந்து எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நகரத்தின் மறு கோடிக்குப் போய், 'நாளை வாங்க' என்பவரிடம் பல்லைக் காட்டி வாங்கி வருகிறேன். உனக்கு அது தண்ணீர்.

புதிதாகக் கலக்கியிருக்கிறேன். காலையில் நான் கழுவி முடித்ததும் மருந்து எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அங்கே பாட்டிலின் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தினமும் போடுவேன். பாட்டில் காலியாகிற அன்று மாலை மட்டும் கொதித்து ஆறிய தண்ணீரால் கழுவு, மறுநாள் காலை புதிது கலக்கி வைப்பேன். ஆய்வகத்தில் அமிலத்தைத் திருடும் பிள்ளைகளை இப்படித்தான் பிடிப்போம். கோட்டைப் பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அக்கா

—

ஜூன் 6

ஆசிரியை அவர்களுக்கு,

கோடு பார்த்தேன். அமிலத் திருடன் வரிசையில் சேர்த்ததற்கு நன்றி. சொட்டு சொட்டாக எனக்குக் கணக்குக் கேட்கும் சிரமம் இனி தங்களுக்கு வராது. தங்கள் கோட்டுக்கு ஒரு மயிரிழை குறையாது.

ரொட்டிக்காரன்

—

ஜூன் 16

தம்பி,

பத்து நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். தினமும் காலையில் வருகிறேன், மருந்து முந்தின நாள் போட்ட கோட்டில் அப்படியே நிற்கிறது. ஒரு பாட்டில் சரியாக ஐந்து காலைகளுக்கு வருகிறது, என் ஐந்து டம்ளர். அப்படியென்றால் உன் டம்ளர் எங்கே? நீ ஊற்றவே இல்லை. அளவு பொய் சொல்லாது, தம்பிகள்தான் சொல்வார்கள்.

அப்பாவைக் கேட்டேன். "கழுவுறான்மா, பொறுமையா கழுவுறான்" என்கிறார். அவர் உனக்காகச் சொல்லும் பொய்கள் இன்று நேற்றா தொடங்கின? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாளெல்லாம் உனக்கு வயிற்று வலி என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. பஸ் ஓட்டிய காலத்தில் ஒரு நிறுத்தத்தையும் விடாதவர், உன் விஷயத்தில் மட்டும் எல்லா நிறுத்தத்தையும் தாண்டிப் போவார்.

ஒரே ஒரு நல்ல சேதி. "புதுசா கலக்குற அன்னிக்குத்தாம்மா எரியுது. அப்புறம் நாளாக ஆக எரிச்சல் கொறஞ்சு, கடைசில குளுகுளுன்னு ஆயிடுது" என்கிறார். உடம்பு பழகிக்கொள்கிறது போல. மருந்து வாடை எனக்குத் தெரிவதில்லை. முப்பது வருடம் ஆய்வகத்தில் நின்று மூக்கை அங்கேயே அடகு வைத்துவிட்டேன்.

ஆனால் புண் சுருங்கவில்லை. ஒரு வேளைதான் கழுவப்படுகிறது என்றால் எப்படிச் சுருங்கும்? உன்னால் முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடு. பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டு நானே இரண்டு வேளையும் வருகிறேன்.

அக்கா

—

ஜூன் 17

அக்காவுக்கு,

இன்றைக்கு 'ஆசிரியை' என்று எழுதவும் மனசில்லை.

ஒரு நாள் விடாமல் கழுவுகிறேன். கடையில் அடுப்பருகே நின்று வந்த சூடு ஆறுமுன் உட்கார்ந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு கடைச் சேதியெல்லாம் சொல்வேன். எங்கள் முதலாளி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றதையும், சாயம் உருகிக் காது வழியாக இறங்கியதையும், அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர் "உங்களுக்கு மூளை ஒழுகுது" என்றதையும் சொன்னேன். அப்பா சிரித்ததில் கால் ஆடி, கட்டு அவிழ்ந்துவிட்டது. நாற்பது வருடம் பிரேக் மிதித்த கால், அக்கா. உள்ளங்கை மாதிரி எனக்கு அது பழக்கம்.

நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, தீர்ப்பு எழுதி அனுப்பியிருக்கிறாய். தீர்ப்புக்கு எவனாவது பதில் எழுதுவானா?

விடுப்புப் போட வேண்டாம். என் முறை என் முறைதான்.

தம்பி

—

ஜூன் 29

தம்பி,

இன்று டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தார், ஒரு விரலால் பாதத்தை அழுத்தினார், பிறகு கை கழுவப் போனார். போனவர் வெகு நேரம் கழுவினார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கறுப்பு கணுக்கால் வரை ஏறிவிட்டது. "மருந்து ஏன் கேக்கலன்னு புரியல. செறிவு சரியாத்தான கலக்குறீங்க?" என்றார். நான் வேதியியல் ஆசிரியை என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அப்ப நான் கேட்டிருக்கவே கூடாது" என்றார். எவ்வளவு பெருமையாக நின்றேன் தெரியுமா. அப்பாவின் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, நான் பெருமைப்பட்டுக்கொண்டு நிற்கிறேன்.

ஜூலை முதல் தேதி ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள். அப்பாவிடம் சொன்னேன். "பிரேக் காலா, கிளட்ச் காலா?" என்று கேட்டார். பிரேக் கால் என்றேன். "அப்ப இனிமே நிக்காமப் போக வேண்டியதுதான்" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. இப்போது கோபம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. உண்மையைச் சொல். மாலையில் நீ மருந்து ஊற்றினாயா, இல்லையா? ஊற்றியிருந்தால் பாட்டிலில் அது ஏன் குறையவில்லை?

அக்கா

—

ஜூன் 30

அக்கா,

ஊற்றினேன். தினமும் ஒரு டம்ளர். கழுவி முடித்த பிறகு, குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, நீ போட்ட கோடு வரைக்கும் நிரப்பி வைத்தேன்.

முதல் நாள் உன் மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தேன். திருடன் என்றாய் அல்லவா, இந்தா உன் மருந்து, ஒரு சொட்டும் எடுக்கவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள் என்று. அடுத்த நாள் நிறுத்தினால் முதல் நாள் செய்தது தெரிந்துவிடும். அதற்கடுத்த நாள் நீ பேசாமல் இருந்தது எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. அப்புறம் அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது. கெடுதல் என்று தோன்றவே இல்லை. பாட்டிலில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் நீயே ஊற்றியதுதானே, நான் ஊற்றும் ஒரு டம்ளரா ஊரைக் கெடுத்துவிடும் என்று நினைத்தேன். மாவில் தண்ணீர் கூடினால் கையில் ஒட்டும், கை சொல்லிவிடும். இது கையில் ஒன்றுமே சொல்லவில்லை.

நீ கணக்கு போடுகிறவள். போட்டுச் சொல். நான் எவ்வளவு கெடுத்தேன்? மழுப்பாமல் சொல், அக்கா. எனக்கு ஒரு எண் வேண்டும்.

தம்பி

—

ஜூலை 6
ஆஸ்பத்திரி, மாலை

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரித் தலையணைக்கு அடியிலும் தினமும் கை விட்டுப் பார்க்கிறேன். நீ காலையில் இருக்கிறாய், நான் மாலையில் வருகிறேன், இங்கேயும் அதே முறை. நாற்காலியில் உன் சூடு இருக்கிறது, நீ இல்லை.

நான் தேடுவதை அப்பா பார்த்துவிட்டார். "என்னடா, அக்கா இன்னைக்குக் கடுதாசி வைக்கலியா?" என்றார். வேலையாக இருப்பாள் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவ காலைல வந்து கோடு போடுவா. நீ சாயங்காலம் வந்து கோடு வரைக்கும் தண்ணி ஊத்துவ. நான் படுத்துக்கிட்டே பாப்பேன். ரெண்டும் கலந்து பேசித்தான் ஏதோ வைத்தியம் பண்ணுதுங்கன்னு இருக்கும். போதாததுக்குக் கடுதாசி வேற. சித்தப்பா வீட்டுல அந்தச் சண்டைக்கப்புறம் நீங்க சேரவே மாட்டீங்கன்னு நெனச்சேன்டா. கால் போனாப் போகுது."

தையல்காரம்மாவிடமும் இதையே சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். 'புள்ளைங்க ஒண்ணு சேந்துட்டாங்க, மருந்துகூட ஒருத்தர் பாதி ஒருத்தர் பாதி கலக்குறாங்க' என்று.

ஆமாம்ப்பா என்றேன். உடனே, "பழைய கடுதாசி இருந்தா ஒண்ணு படி, அவ என்ன எழுதுவான்னு கேக்கணும்" என்றார். சட்டைப் பையில் உன்னுடைய ஜூன் பதினாறாம் தேதிக் கடிதம்தான் இருந்தது. தம்பிகள் பொய் சொல்வார்கள் என்று எழுதியிருந்தாயே, அது. அதைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு, 'அன்புள்ள தம்பிக்கு' என்று தொடங்கினேன். நீ என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்பதாகவும், ரொம்ப நேரம் அடுப்பருகே நிற்காதே என்று சொல்வதாகவும் படித்தேன். தம்பிகள் சொல்வார்கள்தான்.

கால் எடுத்து மூன்று நாளாகியும், அவருக்கு இன்று மாலையிலிருந்து உடம்பு கொதிக்கிறது. நர்ஸ் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனார்.

எண் கேட்டேனே.

தம்பி

—

ஜூலை 8
ஆஸ்பத்திரி, காலை

அன்புள்ள தம்பி,

பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில் அல்ல. கணக்கைப் போட்டுவிட்டேன், அதை உனக்கு அனுப்பக் கை வரவில்லை. வேறு விடை ஏதாவது வருமா என்று திரும்பத் திரும்பப் போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளிடம் 'எத்தனை முறை போட்டாலும் ஒரே விடைதான் வரும், அதுதான் இதன் அழகு' என்று சொல்லியிருக்கிறேன். அழகைப் பார்.

முதல் நாள் காலை ஒரு டம்ளர் நான் எடுத்தபின் எண்ணூறு மில்லி மிச்சம், அரை சதவீதம். மாலை நீ ஒரு டம்ளர் எடுக்கிறாய், அறுநூறு. தண்ணீர் விட்டு மறுபடி எண்ணூறு ஆக்குகிறாய். அரையை அறுநூறால் பெருக்கி எண்ணூறால் வகுத்தால், ஐம்பது பைசாவில் பன்னிரண்டரை பைசா திருட்டுப் போன மாதிரி, 0.375. இரண்டாம் நாள் காலை என் டம்ளர் போய் அறுநூறு, மாலை உன் டம்ளர் போய் நானூறு, மறுபடி அறுநூறு. இப்போது 0.25. மூன்றாம் நாள் அதுவும் பாதியாகிறது, 0.125. நான்காம் நாள் காலை நான் எடுத்தபின் பாட்டிலில் இருப்பதே ஒரு டம்ளர். மாலை நீ அதை முழுக்க ஊற்றிவிட்டு, முழுக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிறாய். செறிவு, பூஜ்யம்.

நீ கேட்ட எண் இதுதான். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஐந்தாம் நாள் காலை இருக்கிறது, தம்பி. அந்தப் பூஜ்யத்தைக் கையில் எடுத்து அப்பாவின் புண்ணில் ஊற்றியது யார்? நான். ஒவ்வொரு பாட்டிலிலும் ஐந்தாம் காலை, வேதியியல் ஆசிரியை, கையுறை போட்டுக்கொண்டு, பயபக்தியாகக் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன். அவர் "குளுகுளுன்னு இருக்கும்மா" என்றார். நான் பழகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். வகுப்பில் ஒரு பிள்ளை இந்த விடையை எழுதியிருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

உன்னிடம் ஒரு வாக்கியம் கேட்டிருந்தால் போதும். கோடு போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. தண்ணீர் ஊற்றுவது உனக்குச் சுலபமாக இருந்தது. இதில் யார் பங்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்க எனக்குச் சூத்திரம் தெரியாது.

நேற்றுக் காலை உன் கடிதத்தை எடுத்ததும், "அவன் என்ன எழுதியிருக்கான், படி" என்றார். எனக்கு உன் அளவுக்குக் கற்பனை கிடையாது. சாயம் ஒழுகிய முதலாளி கதையை நீ எழுதியிருப்பதாகப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அதை அவன் போன மாசமே சொல்லிட்டான்மா. பாவம், சரக்கு தீந்துபோச்சு போல" என்றார்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம். இனி எதைக் கொண்டும் அதை நீர்க்க வைக்க முடியாது. இன்று மாலை கொஞ்சம் சீக்கிரம் வா. நான் போகாமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன் அக்கா

—

ஜூலை 13

அன்புள்ள அக்கா,

அன்று நான் சீக்கிரம்தான் வந்தேன். அப்பா அதைவிடச் சீக்கிரம்.

மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். பேசலாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் உன் பக்கம் வந்தேன், வாய் வரவில்லை. நீ தண்ணீர்ச் சொம்பை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன். அவ்வளவுதான். எழுதி எழுதி, பேசக் கற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது போல. வந்தவர்களிடமெல்லாம் தையல்காரம்மா, "அக்கா தம்பின்னா இப்படி இருக்கணும், அவரு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவாரு" என்று அழுதார். சித்தப்பாகூடத் தலையை ஆட்டினார். உன்னை ஒரு தடவை பார்த்தேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் காலை நீ புதுப் பாட்டில் கலக்கிக் கோடு போட்டுவிட்டுப் போனாய். என் கடிதத்தை அதற்குப் பிறகுதான் படித்திருப்பாய். அன்று மாலை கடைசித் தடவையாகக் கழுவினேன். கலப்படமில்லாத மருந்து, முழு அரை சதவீதம், உன் கணக்குப்படி. சத்தம் போடுவார் என்று முன்னதாகவே தையல்காரம்மாவிடம் சொல்லி வைத்தேன், பயந்து ஓடி வராதீர்கள் என்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினேன். அப்பா கத்தவில்லை. கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஊற்றி முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "குளுகுளுன்னு இருக்குடா" என்றார்.

பாட்டில் இன்னும் ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. மருந்து உன் கோட்டுக்கு ஒரு டம்ளர் கீழே நிற்கிறது. நான் நிரப்பவில்லை. ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ.

தம்பி